முனியாண்டி தராத கிளை

அண்ணே,

போன வாரம் சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் ஒரு வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. தூணுக்குப் பின்னால் இரண்டு இளவட்டங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, வாங்க. அது கஞ்சா. போலீஸ் வந்தா நம்மளையும் சேத்து ஏத்திட்டுப் போயிடுவான்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அறுபதைத் தாண்டிய கிழவி, கையில் மீன் பையோடு, நடுப்பாதையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு மானம் போயிற்று.

அவளுக்கு என்ன தெரியும்? அந்தச் செடியும் நீங்களும் இல்லாவிட்டால் அவள் பிறந்தே இருக்க மாட்டாள். இதை அவளிடம் சொன்னால் என்னை நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து என் வீட்டுக்காரர் தப்பி வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. முதலில் பார்த்ததே நீங்கள்தான். செமிலிங் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் குச்சியை ஊன்றிக்கொண்டு வருகிறார், யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினீர்கள். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு புண். உள்ளங்கையை விடப் பெரியது. எலும்பு தெரிந்தது. தோட்டத்து மருந்து அறையில் காலிப் புட்டிகள்தான் இருந்தன. வெந்நீரில் கழுவிக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

புண் கூடப் பரவாயில்லை. அவர் தூங்கவே இல்லை. துண்டை வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மரவள்ளிக் கஞ்சியை ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு மூன்றாவதைத் துப்பிவிடுவார். தூங்காத உடம்பில், சாப்பிடாத உடம்பில், எந்தப் புண் ஆறும்? நாள் ஆக ஆகப் பாயோடு பாயாகப் போய்க்கொண்டிருந்தார். கல்யாணமாகி எங்களுக்கு அப்போது ஒன்றரை வருடம். அதில் பாதியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான்.

நீங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீடு. நடுவில் பலகைச் சுவர் மட்டும்தான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிற வேலை உங்களுக்கு. நல்ல மரத்தின் முளைக் கண்ணை உரித்து எடுத்து, சாதாரணக் கன்றில் வைத்துக் கட்டினால், அது நல்ல மரமாகவே எழுந்து வரும். அந்த வேலையில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்னால் நீங்களே சொன்னீர்கள். "என் கை பட்டா காஞ்ச குச்சியும் கண்ணு முழிக்கும் லா." எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பெருமை பேசுவதில் உங்களுக்கு ஈடு நீங்கள்தான். ஆனாலும் பஞ்சம் வந்து ஆளாளுக்கு மரவள்ளி நட்டபோது, முதல் குச்சியை ஊன்ற ஒவ்வொரு வீட்டிலும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் வேதக்காரர், நாங்கள் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள். கைராசி என்று வந்தால் அந்தப் பேதமெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்:

"தங்கச்சி, உங்க முனியாண்டி கோயிலுக்குப் பின்னால ஒரு செடி நிக்குதே. பூசாரி வெச்சது. அதுல கொஞ்சம் குடுத்தா மச்சான் தூங்குவாரு."

"அது சாமிக்குப் படைக்கிறதுக்கு வெச்சதுண்ணே."

"பூசாரியே சயாமுக்குப் போயிட்டாரு. யாரு படைக்கிறா இப்ப?"

சுருட்டும் சாராயமும் வைத்து, அதோடு அந்த இலையையும் முனிக்கு வைப்பது பூசாரியின் வழக்கம். மனிதர்கள் அதில் கை வைத்து நான் பார்த்ததில்லை. நான் போய் உதிர்ந்த இலையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தேன். உதிர்ந்ததற்குச் சாமியைக் கேட்க வேண்டியதில்லை என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் தூங்கினார். மறுநாள் வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பாயில் விழுந்த பிறகுதான் கண் விழித்தார். விழித்ததும், "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

உதிர்ந்த இலை எத்தனை நாளைக்கு வரும்? செடியோ ஒன்றே ஒன்று. பச்சையாகப் பறிக்க ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும். "கிளையை வெட்டிப் பதியம் போடுவோம். ஒண்ணு பத்தாகும். சாமி செடி சாமிக்கே இருக்கட்டும்" என்றீர்கள். நான் பூப்போட்டுக் கேட்டேன். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து முனியின் காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தால் உத்தரவு. எனக்குச் சிவப்பு வந்தது.

நான் அழுதுகொண்டு திரும்பி நடந்தேன். நீங்கள் நகரவில்லை.

"சாமி உன்கிட்டதானே வேணாம்னுச்சு? நான் வேதக்காரன். என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

ஒட்டுக் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தீர்கள். நெற்றியில், நெஞ்சில், இரு தோளில் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். வெட்டினீர்கள். முதல் வெட்டு கிளையில் படவே இல்லை. கேட்டதற்கு, "வேர்வையில கத்தி வழுக்குது" என்றீர்கள். பயந்தாங்கொள்ளி! உங்கள் மாதாவுக்கும் பயம், எங்கள் முனிக்கும் பயம்.

அதன் பிறகு நீங்கள் செய்த கூத்து இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். மரவள்ளி இலையும் அந்த இலையும் விரல் விரித்த மாதிரி ஒரே சாயலில் இருக்கின்றன என்று, அதன் கண்ணை உரித்து மரவள்ளித் தண்டில் ஒட்டுக் கட்டினீர்கள். ஏழு தண்டில். வாழை நார் சுற்றி, சாணம் பூசி, பெரிய சாதனை செய்தவர் போல் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டீர்கள். "இலை ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும் தங்கச்சி." பத்து நாளில் ஏழும் கறுத்துப்போயின. மரவள்ளி தன்பாட்டுக்கு வளர்ந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரைச் சயாமுக்கு ஏற்றிப் போன நாளிலிருந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்த கிளைத் துண்டுகளைச் சிரட்டையில் ஆற்று மணல் போட்டு ஊன்றினீர்கள். மூன்று பிழைத்தன. அவை வளர்ந்ததும் அவற்றிலிருந்து கிள்ளி எட்டாக்கினோம். ஜப்பான்காரனுக்கும் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணிக்கும் தெரியாமல் மரவள்ளிக்கு நடுவில் வைத்தோம். லயத்துக்குத் தெரியும். லயத்துக்குத் தெரியாதது எது?

"நாற்றங்கால்ல நாங்க குளோன்னு சொல்லுவோம். ஒரே மரம்தான் தங்கச்சி. அதே மரம் வேற வேற எடத்துல நிக்குது" என்று ஒரு நாள் விளக்கினீர்கள்.

"அப்ப இதுவும் முனியாண்டி செடிதானே?" என்றேன்.

நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டீர்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கோயிலுக்குப் பின்னால் இருந்த இடத்தை மரவள்ளிக்காகத் துப்புரவாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாய்ச்செடி பாராங் கத்தியில் போயிற்று. இனி நம்மிடம் இருந்த எட்டுத்தான். அவரோ நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் விரல் அகலத்தில் கால் பங்குக்கு வந்திருந்தது. நான் தினமும் நூலை வைத்து அளந்து பார்ப்பேன். அந்த நூல் குட்டையாகிக்கொண்டே வந்ததைப் போன்ற சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு மூன்று பிரசவத்தில்தான் கிடைத்தது.

அப்போதுதான் செம்பேன் விழுந்தது.

முதலில் இலையில் ஊசி குத்தியது போல் மஞ்சள் புள்ளிகள். பிறகு இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை. கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் மிளகாய்த்தூள் தூவியது மாதிரி சிவப்பாக ஏதோ ஊர்ந்தது. மரவள்ளியிலிருந்து வந்திருக்கிறது. ஒளித்துவைக்க நல்ல இடம் என்று நாம் தேர்ந்தெடுத்ததே அதற்கு வீடாக இருந்திருக்கிறது. சாம்பல் தூவினோம். புகையிலைக் காம்பை ஊறவைத்துத் தெளித்தோம். ஒவ்வொரு இலையாகத் தண்ணீரில் கழுவினேன். இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் இரட்டிப்பாக வரும்.

குழாயடியில் பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். "முனி வேணாம்னு சொன்னதை எடுத்தா சும்மா விடுமா? செடியோட போனா சரி. ஆளையும் கேட்டா?" நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. நானும் அதையேதான் நினைத்தேன்.

நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். "எட்டையும் பிடுங்கிக் கொளுத்தணும். சுத்தி இருக்கிற மரவள்ளியையும். பூச்சி ஏறாத கொழுந்து நுனியா அஞ்சு எடுத்து, ரப்பர்த் தகடு காயவைக்கிற பழைய புகைக்கூட்டுப் பக்கம் தனியா வெப்போம். நோய்ச்செடி தொட்ட கையால அதைத் தொடாத. கட்டின துணியோட அங்க வராத. குளிச்சி, துணி மாத்திக்கிட்டு வா." நாற்றங்காலில் அப்படித்தான் செய்வார்கள் என்றீர்கள்.

அந்த ஐந்து நுனி வேர் பிடித்து, இலை விட்டு, பறிக்கிற அளவுக்கு வர எத்தனை வாரம்! அவரிடம் சொன்னேன். "கொளுத்திடு. நான் தாங்கிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டார். துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தவள் நான் அல்லவா?

அண்ணே, இங்கேதான் நான் சொல்ல வந்தது. நான் ஏழு செடியைத்தான் கொளுத்தினேன்.

எட்டாவதை வேரோடு எடுத்து, குளிக்கிற தட்டிக்குப் பின்னால், உடைந்த பானையில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். பூச்சி இருந்தது. கழுவிக் கழுவிப் பறித்து அவருக்குக் கொடுத்தேன். அவரிடமும் சொல்லவில்லை. மிச்சம் இருந்த காய்ந்த இலை என்றேன். நீங்கள் கிராணிக்காகக் கிழங்கு தோண்டப் போன நாட்களில், புகைக்கூட்டுப் பக்கத்து ஐந்து நுனிக்கும் நான்தான் தண்ணீர் விட்டேன். கையைக் கழுவிக்கொண்டுதான் போனேன். துணியை எப்படி மாற்றுவது? எனக்கு இருந்தது ஒரு சேலை. இன்னொன்று சாக்கு. சாக்கைக் கட்டிக்கொண்டு ஆண்கள் வேலை செய்கிற பக்கம் போக வெட்கமாக இருந்தது. ஒரு முந்தானை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் ஐந்தில் நான்கு சுருண்டுபோயின. அன்றைக்கு நீங்கள் ஒரு இலையைக் கிள்ளி, வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அதற்குள் குழாயடிப் பெண்களில் மூன்று பேர், வேலையை மேற்பார்க்கிற மண்டோர், இன்னும் யார் யாரோ வந்துவிட்டார்கள். "பாத்தியா, முனி விடாதுன்னு சொன்னோம்ல? இவ கேட்டு, சாமி வேணாம்னு சொல்லியும்..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள். "சாமியும் இல்ல, இவளும் இல்ல. நான் கத்தியைக் கழுவாம வெட்டிட்டேன். நோய்ச்செடியை வெட்டின கத்தி. என் தப்பு. என் கைராசி போயிடுச்சு, அவ்வளவுதான்."

எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மரவள்ளியில் கஞ்சாவை ஒட்டுக் கட்டிய கதையும் சேர்ந்துகொண்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். "இல்லை, நான்தான்" என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தட்டிக்குப் பின்னால் இருந்ததைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். பச்சை எரியாமல் புகைந்தது. அழுதது புகையால் என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் உங்கள் வீட்டிலிருந்து அண்ணி ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தார். "சும்மாதான் கெடக்கு, கட்டிக்க" என்றார். சேலை சும்மா கிடக்கிற காலமா அது? என் கிழிசலைப் பார்த்துப் பாவப்பட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிழைத்த ஒன்றை நீங்கள் உங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோனீர்கள். அது தேறும்வரை பதினொரு நாள் அவருக்கு ஒரு இலை இல்லை. அந்தப் பதினொரு நாளும் மாலையில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் ஒட்டுக் கட்டிய ஒவ்வொரு மரத்தின் கதையையும் சொன்னீர்கள். பாதிக்கு மேல் பொய். அவர் வலியில் உங்களைத் திட்டுவார். நீங்கள் அடுத்த மரத்துக்குப் போய்விடுவீர்கள். பிறகு ஜன்னல் செடி இலை விட்டது. மழைக்காலம் முடியும்போது புண்ணின் மேல் தோல் மூடியது. பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் காய்ந்த ரப்பர் பால் மாதிரி அவ்வளவு மெல்லிய தோல். தொடப் பயமாக இருந்தது. ஆனாலும் மூடிவிட்டது. ஒரு நாள் காலையில் அவரே குச்சி இல்லாமல் குழாயடிக்கு நடந்துபோய், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் சிந்திவிட்டது. அந்தப் பெண்கள் குடங்களை ஒதுக்கி அவருக்கு வழி விட்டார்கள்.

ஜப்பான்காரன் போனதும் ஜன்னல் செடியையும் அதன் பிள்ளைகளையும் நீங்களே பிடுங்கிக் கொளுத்தினீர்கள். "வேலை முடிஞ்சுது. இனிமே இது இங்க இருந்தா பொல்லாப்பு." அவர் மறுபடி ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போனார். அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தே இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தார். மூன்று பிள்ளைகள். பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாளே, அவள் கடைசி.

உங்களை மட்டும் அதன் பிறகு யாரும் முதல் குச்சி ஊன்றக் கூப்பிடவில்லை. புது வாழை வைத்தால் கூட, "அவரு கையா, வேணாம்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். "காஞ்ச குச்சியும் கண்ணு முழிக்கும்" என்று அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்காத ஒவ்வொரு முறையும் எனக்குள் குத்தும். முதலில் லயத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு நாள் போய்விட்டது. நீங்களும் போய்விட்டீர்கள்.

பஸ் நிலையத்துக்குப் போய் வந்த மறுநாள், மகளிடம் காரணம் சொல்லாமல் பீடோங்குக்குப் பஸ் ஏறி, அண்ணி வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எட்டாவது செடி, உடைந்த பானை, சாக்கு, சேலை, எல்லாம். அண்ணி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவருக்கு அன்னைக்கே தெரியும்மா. ஒன் முந்தானையில செம்பேன் ஊர்ந்துச்சாம். வீட்டுக்கு வந்து, 'அந்தப் புள்ளைக்கு மாத்துத் துணி இல்ல, நான் ஒரு மடையன், துணி மாத்திட்டு வான்னு சொல்லியிருக்கேன். ஒன் சேலை ஒண்ணு குடு'ன்னாரு. என்கிட்ட இருந்ததே ரெண்டு."

"ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'அவ புருஷனுக்காக ஒரு செடிய ஒளிச்சு வெச்சா. நானா இருந்தா ரெண்டு ஒளிச்சிருப்பேன்'னாரு. சொல்லிட்டுச் சாப்பிட ஒக்காந்துட்டாரு."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் வழி நெடுக எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தள்ளி உட்கார்ந்தார். பெருமை பேசியே பிழைத்த மனிதர், இருந்த ஒரே பெருமையை என் முந்தானைக்காகப் போட்டு உடைத்துவிட்டு, அதைப் பற்றி மட்டும் வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசாமலே இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணே.

அவர் காலில் புண் இருந்த இடத்தின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. 'நானா இருந்தா ரெண்டு ஒளிச்சிருப்பேன்' என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் இப்போது என்னோடு இருக்கிறது. பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கும்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

வருகிற பொங்கலுக்குப் பழைய லயத்து ஆட்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். குழாயடிப் பெண்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வாயும் அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் முன்னால், மகள் முன்னால், எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லப் போகிறேன். திட்டட்டும், சிரிக்கட்டும். உங்கள் கத்தி அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது அண்ணே. உங்கள் கையும் சுத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் தங்கச்சி